கொறங்காட்டுக் கூட்டு மந்தைக்கு மின்வேலி, தண்ணித்தொட்டி, நகரும் பட்டி: நிதி எங்கே, எப்படிக் கேட்பது?

கேள்வி: மூலனூர்க்காடு

வணக்கமுங்க. மூலனூர் பக்கம் ஒன்பது குடும்பத்தோட கொறங்காடு (வேலி அடைச்ச சொந்த மேய்ச்சல் காடு) ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்பல 46 ஏக்கர் இருக்குது. சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல். இதுவரைக்கும் அவங்கவங்க காட்டுல அவங்கவங்க மாடு மேயும். இனி ஒரே மந்தையா ஓட்டி, ஒரு துண்டை மேய்ச்சுட்டு மத்ததை எல்லாம் ஓய விடுற முறைக்கு மாறுறோம். மந்தையில காங்கயம் மாடு 20 (இனவிருத்திக்கு வெச்ச பூச்சிக்காளையும் சேர்த்து), மேச்சேரி செம்மறி 60.

புல்லு வகை குறைஞ்சுட்டே வருது. நரிப்பயறு, செப்பு நெருஞ்சி எல்லாம் சில காட்டுல கண்ணுலயே படறதில்லை. சீமைக்கருவேலம் ஓரத்துல இருந்து உள்ளே ஏறுது. கௌதாரி, வானம்பாடி கூடு வைக்கிற நேரத்துல அந்தத் துண்டை மூடி வைக்கணும்னும் இருக்கோம்.

தேவைப்படறது: சூரியசக்தி மின்வேலி ஒரு செட், 1000 லிட்டர் தண்ணித் தொட்டி ரெண்டு, செம்மறிக்கு ராத்திரி அடைக்க நகர்த்துற இரும்புப் பட்டி, மாட்டை நிறுத்தி ஊசி போட டிராவிஸ்ங்கிற குழாய்ச் சட்டம், புதர் வெட்டுற மெஷின். விலைப்புள்ளி வாங்கினதுல மொத்தம் நாலே முக்கால் லட்சம் வருது. குழு இன்னும் எதுலயும் பதிவாகலை. ஒரு கம்பெனியில சிஎஸ்ஆர் (கம்பெனியோட சமூகப் பொறுப்பு நிதி) கேட்டதுக்கு "யார் பேர்ல தர்றது?"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியலை. வேற எங்கெல்லாம் கேட்கலாம்? பட்டியல்ல திருத்தம் இருந்தாலும் சொல்லுங்க. மாடு எல்லை தாண்டினா சத்தமும் ஷாக்கும் கொடுக்கிற, கழுத்துல மாட்டுற ஜிபிஎஸ் காலர் வாங்கிட்டா வேலியே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார், அது ஆகுமா?

பதில்: வரவுசெலவு

அந்தக் கம்பெனி கேட்டது சரியான கேள்விங்க. அதுக்குப் பதில் சட்டத்துலயே இருக்கு.

சிஎஸ்ஆர் பணத்துல வாங்கின சொத்து யார் பேர்ல இருக்கலாம்னு 2021ல திருத்தின விதிகள் தெளிவாச் சொல்லுது. சிஎஸ்ஆர் பதிவு எண் வாங்கின அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனி, இல்லேன்னா ஓர் அரசு அமைப்பு. இது போக, பயனாளிகளே சுயஉதவிக் குழுவாவோ கூட்டமைப்பாவோ சேர்ந்திருந்தா அந்தக் குழு பேர்லயும் இருக்கலாம். தனி ஆள் பேர்ல மின்வேலி மெஷின் வாங்கித் தர வழியில்லை. அதனால முதல் வேலை ஒன்பது குடும்பமும் ஒரு குழுவா ஆகுறது: தீர்மானப் புத்தகம், குழுப் பேர்ல வங்கிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து.

குழு ஆன உடனே கம்பெனி நேரா உங்க கணக்குக்குப் பணம் அனுப்பாது. கம்பெனி தானே நேரா நடத்தலைன்னா, நடத்திக் கொடுக்கிற அமைப்புன்னு ஒண்ணு நடுவுல வேணும். அதுக்கு வருமானவரிச் சட்டத்துல 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செஞ்சு வாங்கின எண், இதே மாதிரி வேலையில குறைஞ்சது மூணு வருச அனுபவம் இருக்கணும். இன்னைக்கு அறக்கட்டளை ஆரம்பிச்சா நாளைக்கு சிஎஸ்ஆர் வாங்கலாம்னு சொல்ற ஏஜெண்டுகிட்ட பணம் கொடுத்துடாதீங்க, அந்த மூணு வருசத்தை யாராலயும் தாண்ட முடியாது. நாட்டு மாடு, மேய்ச்சல் நிலம், சுற்றுச்சூழல்னு ஏற்கெனவே வேலை செய்யற ஒரு அறக்கட்டளையோட ஒப்பந்தம் போடுங்க. பணம் அவங்க வழியா வரும், பொருள் உங்க குழு பேர்ல பில் ஆகும். அதை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிக்குங்க. எழுதலைன்னா திட்டம் முடிஞ்ச அன்னைக்கு பேட்டரி யாருதுங்கிற தகராறு வரும்.

கம்பெனிக்கு எழுதறப்ப தலைப்பு "மாடு வளர்ப்பு"ன்னு இருந்தா வருமான உதவித் திட்டம்னு ஒதுக்கிடுவாங்க. கம்பெனிச் சட்டத்தோட 7ஆம் அட்டவணையில நாலாவது இனம் சூழல் சமநிலை, தாவரம், விலங்கு, இயற்கை வளம் இதுகளைக் காக்கறது. உங்க வேலை அப்படியே அதுக்குள்ள அடங்குது. அந்த இனத்தைக் குறிப்பிட்டே எழுதுங்க. நேரமும் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வருசத் திட்டம் போடுவாங்க, அப்ப கேட்டா பெரிய தொகைக்கு இடம் இருக்கும். ஜனவரிக்கு மேல செலவாகாம நிக்கிற பணத்துக்குச் சின்னத் திட்டம் தேடுவாங்க. நாலஞ்சு லட்சம் அந்த நேரத்துக்குப் பொருத்தமான தொகை, ஆனா மார்ச் 31க்குள்ள பொருள் இறங்கி பில் வரணும்.

அரசுத் திட்டங்கள்: தேசிய கால்நடை இயக்கத்துல 50 சதம் மானியம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது செம்மறி, வெள்ளாடு பிரிவுல 100 பெட்டை, 5 கிடான்னு ஆரம்பிக்கிற பண்ணைத் தொழிலுக்கு. 60 ஆட்டை 100 ஆக்கி அதுக்குள்ள நுழையப் பார்க்காதீங்க, உங்க காடு தாங்காது. வேளாண் பொறியியல் துறையில சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்திருக்காங்க, உழவன் செயலியில பதியற திட்டம். ஆனா அது சொந்தப் பட்டா நிலத்தோட எல்லையில நிரந்தரமா நடுற வேலிக்கு. மந்தையோட நகர்ற வேலிக்கு அதை நம்ப வேண்டாம்.

பதில்: கம்பியும் கல்காலும்

காலர் விசயத்தை முதல்ல முடிச்சுடறேன். நார்வேயில ஆடுகளுக்கு ஆரம்பிச்சு பிரிட்டன்ல புல்வெளிப் பாதுகாப்பு மந்தைகளுக்கு இப்ப பரவலா மாட்டறாங்க. அங்க வேலியே இல்லாத நூத்துக்கணக்கான ஏக்கர் மேட்டு நிலம், அதனால கட்டுப்படியாகுது. உங்க 46 ஏக்கருக்கும் கிளுவை வேலி ஏற்கெனவே நிக்குது. உள்ளே குறுக்குத் தடுப்பு மட்டும்தான் பாக்கி. காலருக்கு மாட்டுக்கு ஒண்ணு வாங்கணும், மாசாமாசம் கட்டணம் கட்டணும், செல்போன் சிக்னலும் வேணும். அந்தப் பணத்துல பாதிக்கு நல்ல மின்வேலி வந்துடும்.

மின்வேலியில நம்ம பக்கத்துல தோத்துப் போறது எப்பவும் எர்த்துதான். செம்மண் சரளை, கீழே சுக்கான் கல்லு. மாசி பங்குனியில காஞ்சுபோன தரையில மாடு நின்னு கம்பியைத் தொட்டா கரண்ட் தரை வழியாத் திரும்பிப் போகவே வழியில்லை. மெஷின்ல 7000 வோல்ட் காட்டும், மாடு கம்பியை மிதிச்சுட்டுப் போகும். மெஷின் சரியில்லைன்னு திருப்பி அனுப்பறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

அதுக்கு வழி, எர்த்தையும் வேலியிலயே கம்பியா ஓட்டறது. மாடும் செம்மறியும் சேர்ந்த மந்தைக்கு நாலு கம்பி: தரையில இருந்து 20, 40, 65, 95 சென்டிமீட்டர். 20ம் 65ம் எர்த், 40ம் 95ம் லைவ். மூஞ்சியோ தலையோ ரெண்டு கம்பிக்கு நடுவுல நுழையறப்ப ரெண்டையும் தொடும், தரை எப்படி இருந்தாலும் சுளீர்னு அடிக்கும். அடிக்கம்பி எர்த்தா இருக்கறதால புல்லு உரசியும் கரண்ட் கசியாது. மேச்சேரிக்கு உடம்புல கம்பளி இல்லை, அதனால ஷாக் நல்லா ஏறும்.

அளவு: கொறங்காடு ஒண்ணு 120 மீட்டர் அகலம்னு வெச்சா, ரெண்டு பக்கம் கிளுவை இருக்கு, முன்னும் பின்னும் மட்டும் கம்பி, அடுத்த துண்டுக்கு முன்கூட்டியே போட இன்னொரு வரிசை. மூணு வரிசைக்கு 360 மீட்டர், 400ன்னு கணக்கு வைங்க. நாலு கம்பிக்கு 1600 மீட்டர், 500 மீட்டர் ரீல் நாலு. ஆறு மீட்டருக்கு ஒரு குச்சின்னு 67 வரும், உடையறதுக்கும் சேர்த்து 75 வாங்குங்க. காலால மிதிச்சு நடுற பிளாஸ்டிக் குச்சி சரளையில முறிஞ்சுடும், ஃபைபர் குச்சி வாங்குங்க. முதல்ல கடப்பாரையால ஒரு ஜாண் ஓட்டை போட்டுட்டு நடணும். நைலானோட எஃகு இழை ஆறு ஓடற பாலிவயர் கேளுங்க, மூணு இழை கம்பி 200 மீட்டர் தாண்டினா சோர்ந்துடும். அறுந்த இடத்துல வெறும் முடிச்சுப் போட்டா நைலான்தான் இறுகும், உள்ளே இருக்கிற எஃகு இழை ஒண்ணோட ஒண்ணு சேராது. இழையைப் பிரிச்சு முறுக்கி, அதுக்கப்புறம் முடிச்சுப் போடணும்.

மெஷின் 12 வோல்ட்ல சராசரி கால் ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. மூணு நாள் மூடாக்குக்கு 18, பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாதுன்னா 36. 40 ஆம்பியர்-மணி பேட்டரி, 40 வாட் பேனல் போதும். பேனலை வெள்வேல் நிழல்ல வைக்காதீங்க, இலை நிழல் ஒரு மூலையில விழுந்தாலே சார்ஜ் பாதியாயிடும்.

மெஷின்கிட்ட எர்த் ராடு மூணு, ஆறடி ஜிஐ, பத்தடி இடைவெளியில. தண்ணித் தொட்டி வழிஞ்சு ஈரமா இருக்கிற இடமாப் பாருங்க. சோதிக்கறதுக்கு: வேலியில நூறு மீட்டர் தள்ளி இரும்புக் கம்பியைச் சாத்தி வோல்ட்டை 2000க்குக் கீழே இறக்குங்க. அப்ப கடைசி எர்த் ராடுல 300 வோல்ட்டுக்கு மேல காட்டினா இன்னும் ராடு வேணும். சாதாரணமா வேலி முழுக்க 4000க்குக் குறையாம இருக்கணும். வோல்ட்மீட்டரைப் பட்டியல்ல தனியாச் சேருங்க, அது இல்லாம எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக் கரண்டைக் கம்பியில கொடுக்கறது உயிர் எடுக்கற வேலை, குற்றமும் கூட. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரத்துல துடிப்பு விட்டு விட்டு வர்ற மெஷின் மட்டும். காப்புக்காடு பக்கத்துல இருந்தா தமிழ்நாட்டுல 2023ல வந்த மின்வேலி விதிப்படி வனத்துறையில பதிவு செய்யணும். உங்களுக்கு அது வராதுன்னு நினைக்கிறேன், எதுக்கும் வனச்சரக அலுவலகத்துல கேட்டுக்குங்க.

பதில்: புல்லும் பூச்சியும்

கருவி வாங்கறதுக்கு முன்னாடி மந்தை காட்டுக்குப் பொருந்துதான்னு பார்த்துடுங்க. நிதி தர்றவங்களும் கேட்பாங்க.

மழை முடிஞ்சு புல்லு கதிர் விட்டதும், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செஞ்சு, பத்து இடத்துல கண்ணை மூடிக்கிட்டு வீசுங்க. சட்டத்துக்குள்ள இருக்கற புல்லை ரெண்டு விரல்கடை விட்டு அறுத்து, நிழல்ல காயவெச்சு எடை போடுங்க. சராசரி கிராமை நாலால பெருக்கினா ஏக்கருக்குக் கிலோ. 200 கிராம் வந்தா ஏக்கருக்கு 800 கிலோ. அதுல பாதியைத்தான் மேய விடலாம், மீதிப் பாதி வேருக்கும் விதைக்கும் கூடு வைக்கிற பறவைக்கும். 300 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்கு ஏழரைக் கிலோ காஞ்ச தீவனம் தின்னும், 25 கிலோ செம்மறி முக்கால் கிலோ. உங்க மந்தைக்கு 150ம் 45ம் சேர்ந்து 195 கிலோ. ஆக ஒரு ஏக்கர் ரெண்டு நாள், 46 ஏக்கர் ஒரு சுத்து வர மூணு மாசம். ரெண்டாவது மழை நல்லா இருந்தா இன்னொரு சுத்து. மீதி மாசங்களுக்குச் சோளத்தட்டும், கோடையில வெள்வேல் காயும்தான். எத்தனை ஏக்கர்ல தட்டு வருதுன்னு விண்ணப்பத்துலயே காட்டுங்க. "சுழற்சியில வருசம் முழுக்கப் பசும்புல்"னு எழுதினா விவரம் தெரிஞ்சவர் அந்த வரியிலயே மூடி வெச்சுடுவார்.

சீமைக்கருவேலக் காய் பழுக்கற நேரத்துல அந்த ஓரத்துல மந்தையை விடாதீங்க. காயைத் தின்னுட்டு வந்து நல்ல காட்டுல சாணி போட்டா விதை சாணியோட முளைக்கும். புதர் வெட்டுற மெஷின் இதுக்கு உதவாது. தரைக்கு மேல வெட்டினா அடுத்த மழையில ஒரு கட்டைக்குப் பத்துக் கிளை வரும். வேர்க் கழுத்துக்குக் கீழ, மண்ணுக்குள்ள ஒரு அடி தோண்டி வேரோட எடுக்கணும். சின்னதைக் கடப்பாரையில, பெருசை ஜேசிபி மணிக்கணக்குல. அந்த மெஷினுக்கு வெச்ச பணத்தை ஜேசிபி வாடகைக்கும் கொழுக்கட்டைப் புல் விதைக்கும் மாத்துங்க. விதை ஏக்கருக்கு மூணு கிலோ போதும். புதுசா அறுத்த விதை தூங்கும், ஆறேழு மாசம் பழசானதைத் தூவணும். கிளுவையில சந்து விழுந்த இடத்துல மழைக்கு முன்ன கிளுவைப் போத்து (வெட்டின கிளை) நட்டுடுங்க. கம்பி வேலி எத்தனை வந்தாலும் அந்தக் கிளுவைக்குள்ள அடையற குருவிக்கும் ஓணானுக்கும் மாற்று கிடையாது.

பணம் வர்றதுக்கு முன்னாடி ஆரம்ப நிலையைப் பதிவு செய்யுங்க. நாலு இடத்துல கல் நட்டு, மாசம் ஒரு தடவை விடியக்காலையில பத்து நிமிசம் நின்னு பார்த்த பறவை, கேட்ட பறவை. அதே கல்லுல இருந்து அதே திசையில ஒரு போட்டோ. சட்டத்துக்குள்ள எத்தனை வகைப் புல், பூண்டு. பேர் தெரியாட்டி மாதிரி எடுத்து நோட்டுல ஒட்டி எண் போடுங்க. இது மூணும் இருந்தா வருசக் கடைசியில காட்ட அறிக்கை தயார். கூடவே ஊராட்சியோட பல்லுயிர் மேலாண்மைக் குழுவுல சொல்லி மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுல இந்தக் கொறங்காட்டையும் காங்கயம் மாட்டையும் ஏத்தச் சொல்லுங்க. அந்தக் குழு கொடுக்கற ஒரு கடிதம் விண்ணப்பத்துக்கு நல்ல பலம்.

தண்ணித் தொட்டிக்குள்ள சரிவா ஒரு பலகைக் கல் வைங்க. தண்ணி மட்டம் இறங்கினப்ப குடிக்க வர்ற அணிலும் சிட்டும் ஏறி வர வழியில்லாம செத்து மிதக்கும், அந்தத் தண்ணியை மாடு குடிக்காது.

மூலனூர்க்காடு

ரொம்ப உபயோகமா இருக்குங்க. விட்டுப்போன ரெண்டு விசயம். 46 ஏக்கர்ல 11 ஏக்கர் குத்தகைக் காடு, உடமைக்காரர் வெளியூர்ல. அடுத்தது, ராத்திரியில நாய்க் கூட்டம். அதுக்குத்தான் இரும்புப் பட்டி கேட்டோம். மின்சார வலை போட்டா போதுமா, பட்டியும் வேணுமா?

பதில்: கால்நடைப் பக்கம்

ராத்திரிக்கு இரும்புப் பட்டியே போடுங்க. நாய் வெளியில குரைச்சு ஆட்டை மிரட்டும், மிரண்ட ஆடு வலையைத் தள்ளிட்டு ஓடும், ஓடினா அவ்வளவுதான். ஒரு செம்மறிக்கு 11, 12 சதுர அடி வெச்சா 60க்கு 700 சதுர அடி. பத்தடி பேனல் பதினொண்ணு, அதுல ஒண்ணு கதவு. உயரம் ஆறடி, கம்பி வலைக் கண்ணு ரெண்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம். நாய் தாண்டறதைவிட அடியில பறிச்சுத்தான் நுழையும். பேனலுக்கு அடியில ஒரு அடி வலையை வெளிப்பக்கமாத் தரையில விரிச்சுக் கல் வைங்க. ரெண்டு பேர் தூக்கற எடையில செஞ்சா வாரம் ஒரு தடவை இடம் மாத்தலாம், புழுக்கை காடு முழுக்கப் பரவும். கனமாச் செஞ்ச பட்டி வெச்ச இடத்துலயே நிக்கும், அந்த இடம் கெட்டுப்போகும்.

மின்சார வலை பகல்ல செம்மறிக்கு மட்டும் சரி, மேச்சேரிக்குக் கொம்பு இல்லை. காங்கயம் மாட்டுக்குப் பக்கத்துல அந்த வலையைக் கொண்டு போகவே கூடாது, கொம்புல மாட்டிக்கிச்சுன்னா இழுத்துட்டே ஓடும்.

டிராவிஸ் வாங்கறப்பவும் கொம்பை நினைப்புல வைங்க. கழுத்தைப் பூட்டற முன்கதவு உள்ள மாடல் கொம்பு சுட்ட கலப்பின மாட்டுக்குச் செஞ்சது. காங்கயத்துக்குக் கொம்பு மேலே வளைஞ்சு பின்னால போகும், உள்ளே நுழைஞ்சா தலையைத் திருப்ப முடியாம முட்டும். முன்பக்கம் திறந்து, நடுவுல ஒரு குறுக்குக் குழாய்ல கயிறு கட்டற மாதிரி கேளுங்க. ரெண்டு அங்குல ஜிஐ குழாய், உள்நீளம் ஏழடி, அகலம் ரெண்டரை அடி. பூச்சிக்காளைக்கு அகலம் பத்தாது, ஒரு பக்கக் குழாயை போல்ட்டுல தள்ளி வைக்கற மாதிரி இருக்கணும்.

தண்ணி: கோடையில மாட்டுக்கு 45 லிட்டர், செம்மறிக்கு 5. மொத்தம் நாளைக்கு 1200. ஒரு 1000 லிட்டர் தொட்டி ஒரு நாளைக்கே பத்தாது, ரெண்டு வாங்கறது சரிதான். மிதவை வால்வுக்கு மேல தகரமூடி போடுங்க, மாடு மூக்கால தள்ளி முதல் வாரமே உடைச்சுடும்.

குடற்புழு மருந்தை வருசத்துக்கு நாலு தடவை எல்லாத்துக்கும் அடிக்கற பழக்கத்தை விடணும். ஐவர்மெக்டின் போட்ட மாட்டோட சாணியில மருந்து தங்கி, சாணி வண்டோட புழுவைக் கொல்லும். சாணி வண்டு இல்லாத காட்டுல சாணி வறட்டியாக் காஞ்சு கிடக்கும், அதுக்கடியில புல்லு சாகும். கால்நடை மருந்தகத்துல சாணிப் பரிசோதனை செஞ்சு, தேவைப்பட்டதுக்கு மட்டும் கொடுங்க. செம்மறிக்குக் கண் இமையைப் பிரிச்சுப் பாருங்க, வெளுத்ததுக்கு மட்டும் மருந்து.

எல்லா மாட்டுக்கும் 12 இலக்கக் காதுவில்லை இருக்கணும். காப்பீட்டுக்கும் அரசுத் திட்டத்துக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பாங்க.

பதில்: வரவுசெலவு

குத்தகைக் காட்டுல தரையோட பொருந்தற எதையும் நிதியில கேட்காதீங்க. நிதி தர்றவங்க முதல்ல பார்க்கறது பட்டா. உங்க பட்டியல் முழுக்க நகர்த்தற பொருள்தான், அதனால சிக்கல் இல்லை. டிராவிஸை மட்டும் சொந்தப் பட்டாவுல கான்கிரீட் போட்டு நிறுத்துங்க. உடமைக்காரர்கிட்ட ஐந்து வருசத்துக்கு மேய்ச்சல் ஒப்பந்தம் ஒண்ணு பத்திரத்தாள்ல எழுதி வாங்கி விண்ணப்பத்தோட இணையுங்க. மூணு வருசத் திட்டத்துக்கு ஒரு வருசக் குத்தகையைக் காட்டினா எடுபடாது.

தொகையை ஒரே இடத்துல கேட்கறதைவிடப் பிரிச்சிடுங்க. மின்வேலி, வோல்ட்மீட்டர், தொட்டி, விதை, ஜேசிபி வாடகை, பறவை, புல் கணக்கெடுப்புச் செலவு எல்லாம் சிஎஸ்ஆர்ல. பட்டி பேனலை இணையத்துல பொதுமக்கள்கிட்ட திரட்டலாம். "ஒரு பேனல் இவ்வளவு"ன்னு தனித்தனியாச் சொல்ல முடியறதால ஜனங்க சுலபமாக் கொடுப்பாங்க. அந்தப் பணமும் 80ஜி உள்ள அறக்கட்டளைக் கணக்குக்குத்தான் போகணும், அப்பத்தான் ரசீது தர முடியும். ரொக்கமா 2000க்கு மேல கொடுத்தா வரிச் சலுகை கிடையாது, அதைப் பக்கத்துலயே எழுதி வைங்க. வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரர் அனுப்பறதா இருந்தா முதல்ல ஆடிட்டர்கிட்ட கேளுங்க. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கறவங்க அனுப்பறது வேற, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க அனுப்பறது வேற. பின்னதுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபாய் வாங்கக் கூடாது.

டிராவிஸை உங்க பங்காப் போடுங்க. உங்க பணம் பத்து சதமாவது உள்ளே இருந்தா கேட்கறவங்க நம்பிக்கையே வேற மாதிரி.

விலைப்புள்ளி ஒவ்வொண்ணுக்கும் மூணு, ஜிஎஸ்டியும் இறக்குக் கூலியும் சேர்த்து. பதிவில்லாத குழுவுக்கு ஜிஎஸ்டி திரும்ப வராது, அதை விட்டுட்டுக் கணக்குப் போட்டா கடைசியில பேட்டரிக்குப் பணம் இருக்காது. பராமரிப்புக்கு மாட்டுக்கு மாசம் 50, செம்மறிக்கு 10ன்னு குழு வசூல் பண்ணினா மாசம் 1600, வருசத்துக்கு 19,200. மூணு நாலு வருசத்துல பேட்டரி மாத்தணும், கம்பி ரெண்டு ரீலாவது போகும், அதுக்கு இது தாங்கும். இந்த வசூல் தீர்மானத்தை நகல் எடுத்து விண்ணப்பத்துல வைங்க. முதல் வருசம் முடிஞ்சதும் வண்டி நின்னுபோன திட்டங்களை நிறையப் பார்த்தவங்க அவங்க, "அப்புறம் யார் பார்ப்பா?"ன்னு கட்டாயம் கேட்பாங்க.

தேசிய கோபால் ரத்னா விருதுக்கும் உங்கள்ல நாட்டு மாட்டுப் பால் கறக்கறவங்க விண்ணப்பிக்கலாம், முதல் பரிசு 5 லட்சம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், ஆனா வருசா வருசம் அறிவிப்பு வர்றப்ப விடாதீங்க. காதுவில்லை எண், கன்று ஈன்ற தேதி, பால் அளவு எல்லாம் அதுக்கும் வேணும், இன்னைக்கே ஒரு நோட்டுல ஆரம்பிச்சுடுங்க.

ஒப்பந்தத்துல சேர்க்க வேண்டிய வரி இது, அப்படியே எடுத்துக்குங்க: "இத்திட்டத்தில் வாங்கப்படும் இணைப்பு 1இல் கண்ட பொருள்கள் அனைத்தும் பயனாளிகள் குழுவின் பெயரில் வாங்கப்பட்டு, குழுவின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படும், குழு கலைந்தால் இதே நோக்கமுள்ள வேறு குழுவுக்கு மாற்றப்படும், தனி உறுப்பினர் எவருக்கும் பிரித்துத் தரப்படமாட்டாது."